சாவ்லாஜி எழுதிக் கொடுத்த உயில்

சங்கரா,

நீயும் மருமகளும் குழந்தையும் சௌக்கியமா என்று கேட்டுத்தான் இதுவரை எந்தக் கடிதத்தையும் ஆரம்பித்திருக்கிறேன். இதை அப்படி ஆரம்பிக்கக் கை வரவில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு நிற்கிறேன், காலிங் பெல் அடித்தது. புரோக்கர் ஒருவன், கூடவே ஒரு புருஷன் பெண்டாட்டி. யார் என்ன என்று நான் கேட்பதற்குள் செருப்புக் காலோடு அடுக்களைக்குள் வந்து குழாயைத் திறந்து பார்த்தான். பால்கனியில் எத்தனை மணி வரை வெயில் வரும் என்று அவர்களுக்குச் சொன்னான். பூஜை அலமாரி இருக்கிற சுவரைத் தட்டிக் காட்டி, இதை இடித்தால் ஹால் பெரிதாகிவிடும் என்றான். நான் கரண்டியும் கையுமாக நிற்கிறேன். போகிற போக்கில்தான் என்னைக் கண்டுகொண்டான். "மாதாஜி, ஆப் கப் காலி கர் ரஹீ ஹைன்?" எப்போது காலி செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறான். வீடு மாறி வந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அவனே சொன்னான், பம்பாயிலிருந்து சங்கரன் சாப் பயானா வாங்கிக்கொண்டாயிற்று, இரண்டு மாதத்தில் சாவி கைக்கு வர வேண்டும் என்று. பயானா என்றால் முன்பணம் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வாங்கியவன் நீ.

அன்றைக்கு மத்தியானமே பக்கத்து வீட்டுக்குப் போய் உனக்கு டிரங்கால் போட்டேன். நீ கொஞ்சமும் பதறவில்லை. சொல்லலாம் என்றுதான் இருந்தாயாம், சமயம் வாய்க்கவில்லையாம். தீபாவளிக்கு வந்து நாலு நாள் இந்த வீட்டில் தூங்கி எழுந்து, என் கையால் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனாயே, அந்த நாலு நாளில் சமயம் வாய்க்கவில்லை. கடைசியில், "அம்மா, பேப்பர்ல வீடு என் பேர்ல இருக்கு. உன்னை நான் என்ன தெருவுலயா நிறுத்தப் போறேன்? ஆறு மாசம் என்கிட்ட இரு, ஆறு மாசம் அக்காகிட்ட இரு" என்றாய். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் போனை வைத்தேன். அடுத்த பத்து நாள் நான் உன்னோடு பேசவில்லை. அந்தப் பத்து நாளில் ஒரு காரியம் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்குத் தமிழ் வாசிப்பது கஷ்டம் என்று தெரியும். மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை உன்னைப் படிக்க வைத்தது சும்மா இல்லை, எழுத்துக் கூட்டி வாசி. மருமகளை வாசிக்கச் சொன்னாலும் சரி, அவளுக்கும் தெரியட்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும், தெரிந்ததும் உனக்குச் சௌகரியமான பாதி. உன் அப்பா ஆபீசில் பென்ஷன் பேப்பர் பார்க்கிறவர். எவன் செத்தால் எந்தப் பாரம், எந்த இடத்தில் விதவை கையெழுத்து, எந்த இடத்தில் கைநாட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆர்.கே.புரம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் நம் பிளாக்கில் யாருக்கு என்ன ஆனாலும் நம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். இவரும் வேலை முடிந்து வந்த அலுப்பைப் பார்க்காமல் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார். ஊருக்கெல்லாம் வாரிசு பார்த்த மனுஷன். தன் வீட்டுக்கு என்று வந்தபோது ஒரு வரி எழுதவில்லை.

சாவ்லாஜி அதே ஆபீசில் கேஷியராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு ராஜோரி கார்டனில் ஏற்கெனவே வீடு இருந்தது. இந்த ஜனக்புரி ஃப்ளாட் அவருக்கு டி.டி.ஏ.வின் சர்க்கார் வீட்டுக் குலுக்கலில் விழுந்தது. குலுக்கலில் விழுந்த வீட்டை இத்தனை வருஷத்துக்கு விற்கக் கூடாது என்று சட்டம். அதனால் விற்காமல் இருந்துவிட்டார்கள் என்று நினைக்காதே. டில்லியில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு ஒப்பந்தமும் ரசீதும் கொடுப்பார்கள், எனக்குப் பதிலாக நீயே எல்லாம் செய்துகொள்ளலாம் என்று வாங்குகிறவன் பெயரில் ஒரு பவர் பத்திரம் கொடுப்பார்கள், மூன்றாவதாக, என் காலத்துக்குப் பிறகு இந்த வீடு இன்னாருக்கு என்று ஒரு உயிலும் எழுதிப் பதிவு செய்து கொடுப்பார்கள். பெற்ற பிள்ளைக்கு எழுதாத உயிலை முன்பின் உறவில்லாதவனுக்கு எழுதிக் கொடுக்கிற ஊர் இது. அப்படித்தான் சாவ்லாஜி உன் அப்பா பெயருக்கு உயில் எழுதினார். அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் மைசூர்பாகு கிளறுவேன், உன் அப்பா டப்பாவை எடுத்துக்கொண்டு ராஜோரி கார்டன் போய், அவருக்கு ரத்த அழுத்தம் எப்படி, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று விசாரித்துவிட்டு வருவார். அன்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் கண்ணை மூடினால் பவர் செல்லாது, அப்புறம் உயிலைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்ற பயம்தான் பெரிய பக்கம்.

அந்தச் சமயத்தில் நம் பிளாக்கிலேயே ஒருவர் உயில் இல்லாமல் போய்ச் சேர்ந்து, அவர் பெண்டாட்டியும் கொழுந்தன்மாரும் படிக்கட்டில் நின்று கத்திக்கொண்டதை நீயும் பார்த்திருக்கிறாய். அன்றைக்குத்தான் நான் உன் அப்பாவிடம் கேட்டேன், நீங்களும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்தால் என்ன என்று. பாதிப் பேர் அபசகுனம் என்பார்கள். உன் அப்பாவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது, அவர் பயம் வேறு. டில்லியில் சொந்த வீடு உள்ளவர்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வெளியில் என்ன வாடகையோ அதைக் கட்ட வேண்டும் என்று ஆபீசில் பேச்சாக இருந்த காலம். "ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா? உயில்ல வீட்டை எழுதினா எனக்கு வீடு இருக்குன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி. எவனாவது மொட்டைக் கடுதாசி போட்டான்னா குவார்ட்டர்ஸ் போச்சு. ஆபீஸ் பாரம் எல்லாத்துலயும் உன் பேரைப் போட்டிருக்கேன். அது போதும்" என்றார். பவர் பத்திரத்தில் வாங்கியதே அவருக்கு அந்த விதத்தில் வசதி. சர்க்காரைப் பொறுத்தவரை வீடு சாவ்லாவுடையது. ஜனக்புரியில் வாடகைக்கு ஆளை வைத்துவிட்டு நாம் ஆர்.கே.புரத்தில் இருந்தோம். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று உங்கள் இரண்டு பேரையும் மிரட்டி வைத்திருந்தார். இரண்டு ரூம் குவார்ட்டர்ஸுக்கு ஆசைப்பட்டுத் தன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைக் காற்றில் விட்டார் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் கூடவே குடும்பம் நடத்தியவள், எனக்கு அந்த உரிமை உண்டு.

டில்லியில் ஏஷியாட் விளையாட்டுப் போட்டி நடந்த மறுவருஷம் பஸ் ஸ்டாப்பில் நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. பாரத்தில் எழுதியிருந்ததெல்லாம் ஒழுங்காக வந்தது, பி.எஃப். வந்தது, இன்ஷூரன்ஸ் வந்தது, பென்ஷன் வந்தது. குவார்ட்டர்ஸுக்குக் கெடு வந்தது. எந்தக் குவார்ட்டர்ஸுக்காக உயில் எழுதாமல் இருந்தாரோ அதை நாலு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். வீடு மட்டும் எந்தப் பாரத்திலும் இல்லை.

பதினாறு முடிந்த மறுநாள் சாவ்லாஜி வந்தார். உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அவர் உயிலில் இருப்பது உன் அப்பா பெயர். எழுதியவர் இருக்கும்போதே வாங்க வேண்டியவர் போய்விட்டார், இனி அந்த உயில் யாருக்கும் செல்லாது. நாளைக்குத் தான் போய்விட்டால் தன் பிள்ளைகள் வந்து வீட்டைக் கேட்பார்கள், அவர்களைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றார். "பாபிஜி, கிஸ் கே நாம் லிக்கூம்? யார் பெயரில் எழுதட்டும், உங்கள் பெயரிலேயே எழுதிவிடட்டுமா?" அந்த நல்ல மனுஷன் என் பெயரைத்தான் முதலில் சொன்னார். நான்தான், "என் மகன் பேரில் எழுதுங்கள்" என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என் பெயரில் எழுதி, அப்புறம் உன் பெயருக்கு மாற்றி, எதற்கு இரண்டு அலைச்சல் என்று நினைத்தேன். வீடு உன் பெயரில் இருந்தால் நல்ல இடத்துப் பெண் வரும் என்று நினைத்தேன். கடைசிக் காலத்தில் எனக்குக் கஞ்சி ஊற்றப் போகிறவன் நீதானே என்றும் நினைத்தேன்.

கோமதி அப்போது டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். இந்த வீட்டை வாங்கும்போது உன் அக்கா ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷச் சேமிப்பும் இந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. அவளுக்கு வந்திருந்த திருச்செந்தூர் மாப்பிள்ளையை, கையில் பணமில்லை, ஒரு வருஷம் பொறுங்கள் என்றோம், அவன் வேறு இடத்தில் தாலி கட்டிவிட்டுப் போனான். இருபத்தெட்டு வயதில்தான் அவளைக் கட்டிக் கொடுத்தோம். இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன? அவள் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. "அம்மா, உன் பேர்லயாவது எழுதச் சொல்லு" என்றாள், அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "நீ கட்டிக் கொடுத்த பிள்ளை. இதுல உனக்கு என்ன பேச்சு?" என்றேன். அந்நியர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகம் பார்க்கத் தெரியுமே, தலையைக் குனிந்துகொண்டார். கோமதி தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தாய். அக்கா சொல்வதும் சரிதானே என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்திருந்தால் நான் கேட்டிருப்பேன். வராது, எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமலே வேண்டியதை வாங்கிக்கொள்வது உனக்குச் சின்னப் பிள்ளையிலிருந்தே கைவந்தது. அடுத்த வாரம் உயில், பவர் இரண்டும் உன் பெயருக்கு வந்தது. நானே ஆட்டோ வைத்து உன்னை ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு அழைத்துப் போனேன்.

இப்போது அந்தப் பத்து நாளுக்கு வருகிறேன். உன்னோடு பேசிய மூன்றாம் நாள் பஸ் ஏறி ராஜோரி கார்டன் போனேன். உன் அப்பாவுக்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி மைசூர்பாகு டப்பாவோடு நான்தான் போய்க்கொண்டிருந்தேன், முதல் தடவையாகக் கையை வீசிக்கொண்டு போனேன். மதராஸி ஆன்ட்டி திரும்பவும் வந்துவிட்டாள் என்று அவர் மருமகள் உள்ளே சொல்வது என் காதில் விழுந்தது. சாவ்லாஜிக்கு இந்த ஆவணி வந்தால் எண்பது, கண் ஆபரேஷன் ஆகிக் கனத்த கண்ணாடி போட்டிருக்கிறார். நான் அழக் கூடாது என்று நினைத்துப் போனேன், அழுதுவிட்டேன். மகன் வீட்டை விற்கிறான், எனக்குத் தெரியாமல் விற்கிறான் என்றேன். அவர் உன்னை ஒரு வார்த்தை வையவில்லை. "பைசா ஆப்கே சாஹப் நே தியா தா" என்றார். பணம் கொடுத்தது உங்கள் புருஷன், ரசீதும் ஒப்பந்தமும் அவர் பெயரில், உங்கள் மகனிடம் நான் ஒரு பைசா கை நீட்டி வாங்கவில்லை, என் மூச்சு இருக்கிற வரை என் உயிலை மாற்றி எழுத எனக்கு அதிகாரம் உண்டு என்றார். அப்புறம் அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார், யார் பெயரில் எழுதட்டும் என்று.

என் பெயர் ஒன்று, கோமதி பெயர் ஒன்று, உன் பெயர் ஒன்று, மூன்று பேருக்கும் சரிபங்கு என்றேன். மகன் பெயரும் வேண்டுமா என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. உன்மேல் அவ்வளவு எரிச்சல். ஆனால் உன் அப்பா உயில் எழுதாமல் போனதால் சட்டப்படி யார் யாருக்குச் சேர வேண்டுமோ அது இந்த மூன்று பேருக்குத்தான். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு எழுதிய வினை போதும், அதையே திருப்பி உனக்கும் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் வேப்ப மரத்தடி டைப்பிஸ்ட் அடித்துக் கொடுத்தான். உள்ளே கிளார்க் கிழவரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இந்த அம்மாளுக்கும் உங்களுக்கும் என்ன ரிஷ்தா, என்ன உறவு என்று கேட்டான். "கோயி நஹீன்" என்றார் சாவ்லாஜி, ஒன்றுமில்லை என்று. உறவில்லாத மனுஷர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்குக் கொடுத்த பவரையும் ரத்து செய்துவிட்டார். நோட்டீஸ் உனக்கும் அந்தப் புரோக்கருக்கும் ரிஜிஸ்டர் தபாலில் வரும். பயானா வாங்கிக்கொண்டு பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பிக் கேட்பார்களாமே. கேட்கட்டும். என்னைக் கேட்டு வாங்கவில்லை நீ.

என் பங்குக்கு நானும் ஒரு உயில் எழுதிவிட்டேன், தமிழில், என் கையெழுத்திலேயே. பத்திரத்தாள்கூட வேண்டாமாம், வெள்ளைத்தாள் போதுமாம், புத்தி தெளிவோடு எழுதுகிறேன் என்று எழுதி, தேதி போட்டு, இரண்டு சாட்சிகள் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டுமாம். சொத்தில் பங்கு வாங்குகிறவர்கள் சாட்சி போடக் கூடாதாம். அதனால் பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் போட வைத்தேன். ஒரு தம்ளர் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது சங்கரா. இதற்குத்தான் உன் அப்பா அந்தப் பாடு படுத்தினார். என் பங்கும் நகையும் கோமதிக்கு. ஏன் என்று நீ கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். காகிதத்தைக் கொடுத்ததும் முகம் மலரும், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போன முட்டாள் நான். அவள் இரண்டு உயிலையும் நிதானமாக வாசித்தாள், மடித்து என் மடியிலேயே வைத்துவிட்டாள். "எனக்கு எதுக்கும்மா இப்ப? அன்னைக்கு டீத் தட்டோட நின்னேன்லா, அப்ப நீயும் உக்காருட்டீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, இந்தக் கிழவியும் சாவ்லாவும் சேர்ந்து எத்தனை தாள் எழுதினாலும் அந்த நாளுக்குப் பரிகாரம் இல்லை என்று புரிந்தது.

ஆகையால் நான் இந்த வீட்டில்தான் இருக்கப் போகிறேன். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று என்னைப் பாகம் பிரிக்காதே. உன் பங்கு உனக்கு உண்டு, நான் போனபிறகு உன் அக்காவோடு பேசித் தீர்த்துக்கொள், அவள் உன்னோடு பேசினால். நீ என்மேல் கோபப்படுவாய், மருமகள் அழுவாள், இரண்டு தீபாவளிக்கு வர மாட்டாய். இருக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன், அம்மா சொல்கிறாள் என்று வேண்டாம், இந்தச் சீர்கேட்டைக் கண்ணால் பார்த்த ஒருத்தி சொல்கிறாள் என்று எடுத்துக்கொள். உன் கம்பெனிப் பாரத்தில் பெயர் எழுதியாயிற்று என்று உன் அப்பாவைப் போல மெத்தனமாக இருந்துவிடாதே. இன்றைக்கே உட்கார்ந்து உன் உயிலை எழுது. நாளைக்கு உனக்கு ஒரு மகன் பிறக்கலாம், நன்றாகப் பிறக்கட்டும். என்மேல் உள்ள ஆத்திரத்தில் அதில் என் பெயரை விட்டுவிட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் மகள் பெயரை விட்டுவிடாதே.

அம்மா